ஸ்டிக்கர் போகாத லேப்டாப்

மூடியின் வலது மூலையில் பாதி சுரண்டிய ஸ்டிக்கர் ஒன்று இருக்கிறது. கடைத் தம்பி பெட்ரோல் தொட்டுத் துடைத்தார், ஏதோ ஸ்பிரே அடித்தார், கடைசியில் நகத்தாலும் சுரண்டிப் பார்த்தார். 'பிளாக்' என்ற முன்பாதி போய்விட்டது. 'செயின் ஹேக்கத்தான் 2018' என்பது மட்டும் கெட்டியாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. "வேணும்னா இருநூறு ரூபா குறைச்சுக்கிறேன்க்கா" என்றார். இருநூறையும் குறைக்கச் சொன்னேன், ஸ்டிக்கரையும் விடச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் எட்டாவது படிக்கும் மகள் அதைப் படித்துவிட்டு, "செயின் அறுக்கிற போட்டியாம்மா?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

பொருள்: லெனோவோ திங்க்பேட் டி480, 2018 மாடல், செகண்ட் ஹேண்ட். இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. வாங்கிய இடம் சென்னை ரிச்சி தெரு. கொடுத்த விலை 17,500 ரூபாய். கைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் புலம்பல் எங்கிருந்து வருகிறது என்று புரியாது. டேட்டாபேஸ் நிர்வாகம் என் தொழில். 2005-ல் ஓஎம்ஆரில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்குப் பிறகு கம்பெனி மூன்று மாறியிருக்கிறேன், பஸ் ரூட் மட்டும் மாறவில்லை. அமெரிக்காவில் யாரோ ஒருவர் காரை இடித்துக்கொண்டால், அந்த இன்சூரன்ஸ் கிளெய்ம் எந்த டேபிளில் எந்த வரிசையில் போய் உட்கார வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. இருபது வருடமாக அந்த டேபிள் அப்படியேதான் இருக்கிறது. அதைச் சுற்றி நடக்கும் திருவிழாக்கள்தான் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன.

வீட்டு லேப்டாப் விண்டோஸ் 10-ல் ஓடிக்கொண்டிருந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் செயலி பழசு, ஆகாது என்று சொல்லிவிட்டது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். என் மெஷின் ஆறாம் தலைமுறை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மனுஷனை வயது வந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி. அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு மாமனாருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் அதில் பஞ்சாங்கமும் பழைய பாட்டும் பார்க்கிறார். இதுவரை எஸ்கலேஷன் எதுவும் வரவில்லை.

முதலில் ஒரு மாலில் இருந்த பெரிய ஷோரூமுக்குத்தான் போனேன். பெயர் வேண்டாம், எல்லா ஷோரூமும் இப்போது இப்படித்தான். அங்கே இருந்த பையன் எந்த லேப்டாப்பைத் தொட்டாலும் "இது ஏஐ லேப்டாப் மேடம்" என்றார். ஏஐ இல்லாதது எது என்று கேட்டேன். ஸ்டாக் இல்லை என்றார். ஏஐ என்றால் இதில் என்ன செய்யும் என்று கேட்டதற்கு, கீபோர்டில் ஒரு சாவியைக் காட்டினார். கோபைலட் சாவி, மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரைத் திறப்பது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 1994-ல் விண்டோஸ் சாவி வந்ததற்குப் பிறகு கீபோர்டில் இவ்வளவு பெரிய மாற்றம் இதுதான் என்றார்கள். முப்பது வருடம் கழித்து ஒரு புது சாவி. அதை அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கிறது. அது ஒன்றும் நம்மால் பிரவுசரில் திறக்க முடியாத பெட்டி இல்லை.

அதே வருடம் மே மாதம் 'கோபைலட் பிளஸ் பிசி' என்று ஒரு வகையறா வந்தது. அந்தப் பட்டம் வாங்க 16 ஜிபி ரேமும் 256 ஜிபி சேமிப்பும், வினாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குப் போடும் தனிச் செயலியும் வேண்டும். இவ்வளவு கணக்குப் போட்டு என்ன செய்யப் போகிறது என்பதற்கு அப்போது அவர்கள் பெருமையாகக் காட்டிய பதில் 'ரீகால்'. சில வினாடிகளுக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும், பின்னால் தேடலாம். அதை வைத்திருந்த இடம் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் கோப்பு என்று பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் திறந்து காட்டினார்கள். உள்ளே எல்லாம் சாதாரண எழுத்து. டேட்டாபேஸ்காரியாக எனக்கு அன்றைக்கு வந்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அப்புறம் தள்ளி வைத்து, பூட்டுப் போட்டு, வேண்டுமானால் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்று மாற்றி, 2025 ஏப்ரலில்தான் பொதுவாக விட்டார்கள்.

ஷோரூம் பையனிடம் ரேமைப் பின்னால் ஏற்ற முடியுமா என்று கேட்டேன். போர்டிலேயே பற்றவைத்து வருகிறது மேடம் என்றார். அது அவர் தப்பில்லை. இன்டெல் 2024-ல் விட்ட லூனார் லேக் செயலிகளில் ரேமைச் செயலியோடு ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டார்கள், 16 அல்லது 32. வாங்கும்போது எடுத்த முடிவுதான் சாகும்வரை. கல்யாணத்துக்கே இப்போது இவ்வளவு கறாராக யாரும் சொல்வதில்லை. எண்பத்தைந்தாயிரம் என்றார். ஒரு காபி குடித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ரிச்சி தெரு. மவுண்ட் ரோட்டிலிருந்து திரும்பி நரசிங்கபுரம் தெருவுக்குள் நுழைந்தால் ஒயர், சிசிடிவி, ஸ்பீக்கர், சோல்டரிங் புகை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடை மூடியிருக்கும், அன்றைக்குப் போய் ஏமாறாதீர்கள். பெண் தனியாக வந்தால் முதலில் "சார் வரலையா மேடம்?" என்று கேட்பார்கள். இரண்டாவது கடையிலும் அதே கேள்வி. மூன்றாவது கடைத் தம்பி அதைக் கேட்கவில்லை. "என்ன வேலைக்கு யூஸ் பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்டார். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாடிப்படி ஏறினால் சின்ன அறை, சுவரோடு சுவராக நூறு நூற்றைம்பது திங்க்பேட், செங்கல் அடுக்கின மாதிரி. எல்லாம் ஏதோ ஒரு ஐடி பார்க்கில் மூன்று நான்கு வருடம் லீஸில் உழைத்துவிட்டு வந்தவை. சிலதின் அடியில் இன்னும் அசெட் டேக் ஒட்டியிருக்கிறது. நான் பார்த்து எடுத்த விதத்தைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

ஆன் செய்தவுடன் எஃப்1 தட்டி, விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய்விட வேண்டும். பாஸ்வேர்ட் கேட்டால் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். அது பழைய கம்பெனி போட்ட பூட்டு, அதை எடுத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் காதில் வாங்க வேண்டாம். அப்புறம் விண்டோஸுக்குள் போய் கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளை கொடுத்து பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். நான் முதலில் எடுத்ததில் உள் பேட்டரி 24 வாட்-அவரில் ஒன்பதுதான் மிச்சம். இரண்டாவதில் பதினேழு. மூன்றாவதில் பத்தொன்பது, ஆனால் ஸ்பேஸ் பார் இழுத்தது. இரண்டாவதை எடுத்தேன். அதுதான் ஸ்டிக்கர்காரன். யூஎஸ்பி-சி பாயிண்ட் இரண்டிலும் சார்ஜர் செருகிப் பார்க்க மறக்காதீர்கள். இந்த மாடலில் அந்தப் பாயிண்டை இயக்கும் தண்டர்போல்ட் ஃபர்ம்வேருக்கு ஒரு முக்கியமான அப்டேட் உண்டு. முந்தைய ஓனர் போடாமல் விட்டிருந்தால் பிறகு அந்தப் பாயிண்ட் தகராறு பண்ணலாம்.

இனி மெஷின். முதலில் கீபோர்டைச் சொல்ல வேண்டும். என் அலுவலக லேப்டாப் மெல்லிசு, அதன் சாவிகள் அப்பளம் மாதிரி. தட்டினால் தட்டினோமா என்று விரலுக்கே சந்தேகம். இதில் ஒவ்வொரு சாவியும் கீழே போய்த் திரும்பி வருகிறது, போனது தெரிகிறது. ஜி, ஹெச், பி மூன்றுக்கும் நடுவில் குங்குமப் பொட்டு மாதிரி ஒரு சிவப்புக் குமிழ். 1992-ல் ஐபிஎம் விட்ட முதல் 700சி-யிலேயே அது உண்டு. 2005-ல் அந்தத் தொழிலையே லெனோவோ வாங்கிய பிறகும் பொட்டு அழியவில்லை. முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இப்போது அலுவலக லேப்டாப்பிலும் விரல் தானாக அந்த இடத்தைத் தேடுகிறது.

தமிழ் தட்டுபவர்களுக்குத் தனியாக ஒன்று. நான் தமிழ்99 ஆள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் முடிவான அந்த விசைப்பலகை எனக்கு லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாக ஒரு சொடுக்கில் வந்துவிட்டது. இந்த மதிப்புரையும் அதில்தான். உயிரை இடது கையும் மெய்யைப் பெரும்பாலும் வலது கையும் பார்த்துக்கொள்ள, இந்தக் கீபோர்டில் தமிழ் தட்டுவது தாளம் போடுகிற மாதிரி இருக்கிறது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் அதற்கு 2.0 யாரும் விடவில்லை. விடாததற்கு நன்றி.

பேட்டரி இரண்டு. ஒன்று உள்ளே, ஒன்று பின்னால் கழற்றி மாட்டுவது. உள்ளே இருப்பது தாங்கிக்கொண்டிருக்க, மெஷினை அணைக்காமலே பின் பேட்டரியை மாற்றலாம். டிசம்பர் மழையில் எங்கள் தெருவில் ஏழு மணி நேரம் கரண்ட் இல்லை. யூபிஎஸ் இரண்டு மணி நேரத்தில் கைவிட்டது. நான் 72 வாட்-அவர் பேட்டரி ஒன்று தனியாக வாங்கி வைத்திருந்தேன். கிளிப்பைத் தள்ளி, பழையதை உருவி, புதியதை மாட்டினேன். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். "டார்ச் லைட் மாதிரி இருக்கும்மா" என்றாள். இதைத்தான் ஒரு காலத்தில் பெரும்பாலான லேப்டாப்பிலும் செய்துகொண்டிருந்தோம் என்றால் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பெரிய பேட்டரி போட்டால் பின்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும், அழகு இல்லை.

அடிமூடியைத் திறக்க ஒரு ஸ்டார் திருப்புளி போதும். அதற்கு முன் பயாஸில் போய் உள் பேட்டரியை அணைத்துவிட வேண்டும், அதற்கென்றே ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். ரேமுக்கு இரண்டு ஸ்லாட். ஒன்றில் 8 இருந்தது, இன்னொன்றில் 16 போட்டேன். இங்கேதான் ஏஐ என்னைப் பிடித்தது. பழைய டிடிஆர்4 வகை ரேம் குச்சிக்கு 3,800 ரூபாய் கேட்டார் தம்பி. ரெண்டு மாதத்துக்கு முன்னால் பாதி விலை என்று எனக்குத் தெரியும். "என்ன தம்பி இது, பழைய குச்சிக்கு?" என்றேன். "ஏஐ-க்கா" என்றார், மேலே ஒன்றும் சொல்லவில்லை. உண்மைதான். சில்லு கம்பெனிகள் எல்லாம் டேட்டா சென்டர் பக்கம் திரும்பிவிட்டன. 2025 டிசம்பரில் மைக்ரான், கடையில் விற்கும் தன் குரூஷியல் ரேம் வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஏஐ லேப்டாப் வேண்டாம் என்று ஓடி வந்தவள், ஏஐ-க்கு மொய் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

சரி, ஸ்டிக்கர். அந்த 2018-ல் எங்கள் அலுவலகத்திலும் பிளாக்செயின் வந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் நியூயார்க்கில் ஐஸ் டீ விற்றுக்கொண்டிருந்த லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ என்ற கம்பெனி, தன் பெயரை லாங் பிளாக்செயின் என்று மாற்றிக்கொள்வதாகச் சொன்னது. அன்றைக்கே பங்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. டீ அதே டீதான். நாஸ்டாக் அடுத்த வருடமே பட்டியலிலிருந்து எடுத்தது. எங்கள் ஆறாவது மாடியில் அப்போது யாருக்கும் இந்தக் கதை சொல்லக்கூடாது. பீன் பேக் போட்டு, சுவரில் பச்சைப் புல் ஒட்டி, 'சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ்' என்று பலகை மாட்டியிருந்தார்கள்.

திட்டம் என்ன என்றால், கிளெய்ம் விவரங்களைப் பிளாக்செயினில் எழுதுவது. ஒருவரை ஒருவர் நம்பாத பலர், நடுவில் ஒரு நாட்டாமை இல்லாமல், ஒரே கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொள்ள வழி செய்வதுதான் அந்தத் தொழில்நுட்பம். அந்த யோசனையில் எனக்குக் குறை இல்லை. எங்கள் திட்டத்தில் நோடு, அதாவது அந்தப் புத்தகத்தின் நகலை வைத்திருக்கும் கம்ப்யூட்டர், மூன்று. மூன்றும் எங்களுடையவை. மூன்றும் ஒரே ரேக்கில், ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. யார் யாரை நம்பவில்லை என்று ஒரு மீட்டிங்கில் கேட்டேன். அந்த வருட அப்ரைசலில் 'மாற்றத்தை வரவேற்கும் மனப்பான்மை' என்ற இடத்தில் எனக்கு மூன்று மார்க்.

ஆறு மாதத்தில் மேலிடத்துக்கு ரிப்போர்ட் வேண்டியிருந்தது. பிளாக்செயினிலிருந்து ரிப்போர்ட் எடுப்பது கடினம். "ஒரு டேபிள்ல காப்பி பண்ணிக் குடுத்துடுங்களேன்" என்று என்னிடம் வந்தார்கள். கொடுத்தேன். பிறகு எழுதுவதும் மெதுவாக இருக்கிறது என்று முதலில் டேபிளில் எழுதி, அதிலிருந்து பிளாக்செயினுக்கு அனுப்பினார்கள். 2020-ல் அந்த அனுப்பும் ஜாப் ஒரு நாள் நின்றது. யாரும் கவனிக்கவில்லை. பதினோரு நாள் கழித்து நான்தான் டிக்கெட் போட்டேன். 'தேவையில்லை' என்று குறிப்பு எழுதி மூடினார்கள். அந்த டேபிள் மட்டும் இன்றைக்கும் இருக்கிறது. இரண்டு ரிப்போர்ட் அதைப் படிக்கின்றன, அதனால் அழிக்க முடியாது. பெயர் இன்னும் பிசி_கிளெய்ம்ஸ், பிசி என்பது பிளாக்செயின். புதிதாகச் சேரும் பிள்ளைகள் பிசி என்றால் 'பேக்அப் காப்பி' என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

அந்த ஹேக்கத்தானில், அதாவது விடிய விடிய புரோகிராம் எழுதும் போட்டியில், இந்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்த பிள்ளை யார் என்று சில நேரம் யோசிப்பேன். பீட்சா பெட்டி, விடியற்காலை நாலு மணிக் கண் எரிச்சல், காலையில் ஜட்ஜ் முன்னால் டெமோ. டெமோ ஓடியிருக்குமா? எஸ் சாவியின் விளிம்பு மட்டும் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. கண்ட்ரோல்-எஸ் தட்டித் தட்டித் தேய்ந்ததாக இருக்க வேண்டும், நம்ம சாதிதான்.

நடுவில் வந்த மற்ற திருவிழாக்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்பிஏ என்று 'பாட்'கள் வந்தன. மனிதர் மவுஸால் சொடுக்குவதை அது சொடுக்கும், திரையில் பட்டன் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தால் செத்துவிடும். 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் தன் பெயரை மெட்டா என்று மாற்றியதும், அடுத்த மார்ச்சுக்குள் எங்கள் புதுப் பணியாளர் வரவேற்பு மெட்டாவெர்ஸ் என்ற கம்ப்யூட்டர் கற்பனை உலகத்தில் நடந்தது. கால் இல்லாத பொம்மைகள் வட்டமாக மிதந்தன, எச்ஆர் பொம்மை பிஎஃப் படிவம் பற்றிப் பேசியது. கண்ணில் மாட்டும் அந்தக் கருவி நான்கு வாங்கினார்கள். ஸ்டோர் ரூம் அலமாரியில், தீபாவளி சீரியல் பல்புக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

மென்பொருளைச் சின்னச் சின்னத் துண்டாகச் செய்து முடிக்கும் அஜைல் முறையைப் பற்றி மட்டும் அப்படி ஓட மனசு வரவில்லை, ஏனென்றால் அது நல்ல யோசனை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டாவில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி எழுதியது அரைப் பக்கம்கூட வராது. நடைமுறைகளையும் கருவிகளையும்விட மனிதர்களும் அவர்கள் பேசிக்கொள்வதும் மேல் என்பது முதல் வரி. எங்களிடம் அந்த வரியை நடைமுறைப்படுத்த ஒரு கருவி இருக்கிறது, அதை நிரப்ப ஒரு நடைமுறை இருக்கிறது, நிரப்பினோமா என்று பார்க்க ஒரு ஸ்க்ரம் மாஸ்டர் இருக்கிறார். நின்றபடியே பேசி முடிக்க வேண்டிய பதினைந்து நிமிட ஸ்டாண்ட்-அப் மீட்டிங் ஐம்பது நிமிடம் போகிறது. நிற்பதும் இல்லை, எல்லோரும் வீட்டில் கேமராவை அணைத்துவிட்டுக் காய்கறி நறுக்குகிறோம். அந்த 17 பேரில் ஒருவரான டேவ் தாமஸ், 2014-லேயே அஜைல் செத்துவிட்டது என்று கட்டுரை எழுதிவிட்டார். எங்கள் புராஜெக்ட் நிர்வாக அலுவலகமான பிஎம்ஓ-வுக்கு இன்னும் தாக்கீது வரவில்லை.

இப்போது ஏஐ. நான் அதற்கு எதிரி இல்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2009-ல் எழுதிய 1,100 வரி பிஎல்-எஸ்க்யூஎல் புரொசீஜர், அதாவது டேட்டாபேஸ் புரோகிராம், ஒன்று எங்களிடம் இருக்கிறது. எழுதியவர் நியூ ஜெர்சியில் வீடு வாங்கி செட்டில் ஆகிவிட்டார். அதை ஏஐ-யிடம் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் பத்தி பத்தியாக விளக்கியது, முக்கால்வாசி சரி. நான் தனியாக உட்கார்ந்திருந்தால் மூன்று நாள். ஆனால் லீப் வருடக் கணக்கை இது சரியாகக் கையாள்கிறது என்று அது ஆணித்தரமாகச் சொன்னது. பிப்ரவரி 29 போட்டு ஓட்டிப் பார்த்தேன், பாலிசி ஒரு நாள் முன்னதாகக் காலாவதி ஆனது. சொன்னேன். "மிகச் சரியாகக் கவனித்தீர்கள்" என்று பாராட்டியது. இருபது வருடத்தில் என் மேனேஜர் யாரும் இவ்வளவு மரியாதையாகத் தப்பை ஒப்புக்கொண்டதில்லை.

எனக்குப் பிரச்சினை அதைச் சுற்றிக் கட்டும் பந்தல்தான். இந்த வருடம் எங்களுக்கு டேஷ்போர்டு வந்திருக்கிறது. யார் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏஐ-யிடம் கேட்டார்கள் என்று காட்டும். என்ன கேட்டார்கள், அது சரியா, அதனால் எந்த வேலை முடிந்தது என்பதெல்லாம் காட்டாது. எங்கள் டீம் பையன் ஒருவன், குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் கிரான் என்ற கருவியில் ஒரு வரி போட்டான். தினமும் காலை 9.05-க்கு ஏஐ-யிடம் "குட் மார்னிங்" சொல்லும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "வேறென்ன?" என்று கேட்கும். அந்தக் காலாண்டு 'ஏஐ சாம்பியன்' விருது அவனுக்குத்தான். டவுன் ஹால் என்ற கம்பெனிக் கூட்டத்தில் மேடையேறி, தொடர்ந்து உரையாடுவதுதான் ரகசியம் என்று பேசினான். பின்வரிசையில் நாங்கள் நாலு பேர் எழுந்து நின்று கை தட்டினோம். கிரான் 1970-களில் வந்த சரக்கு, அதற்கும் ஒரு பொன்னாடை போர்த்தியிருக்கலாம்.

லேப்டாப்புக்கு வருகிறேன். இதில் லினக்ஸ் மிண்ட் போட்டிருக்கிறேன். வேண்டுமானால் விண்டோஸ் 11-ம் ஏறும். இதற்கு முந்தைய டி470 ஏழாம் தலைமுறை, அந்த ஒரு படியில் தவறிவிட்டது. அதனால்தான் அந்த மாடலைக் கடையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள், லினக்ஸ் மட்டும் போதும் என்பவர்களுக்கு அதுவே போதும். என் லேப்டாப்பில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடுகிறது, இரண்டு கோடி வரிசை வைத்துச் சோதித்தேன், மூச்சு வாங்கவில்லை. மகளின் ஆன்லைன் வகுப்பு, ஜிஎஸ்டி தளத்தில் என் தம்பியின் கடைக் கணக்கு, ஐஆர்சிடிசி தட்கல் எல்லாம் நடக்கிறது. தட்கல் கிடைக்காததற்கு லேப்டாப் பொறுப்பல்ல.

முடியாதவையும் உண்டு. திரையின் வெளிச்சம் 250 நிட்ஸ்தான், பால்கனி வெயிலில் உங்கள் முகம்தான் தெரியும். கேமரா 720பி, மீட்டிங்கில் நான் பழைய ரேஷன் கார்டு போட்டோ மாதிரி இருக்கிறேன், அதனால் அணைத்தே வைக்கிறேன், அது ஒரு வசதி. கைரேகை லினக்ஸில் நேராக வேலை செய்யாது, மெனக்கெட வேண்டும். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை, பெரிய பேட்டரியோடு இன்னும் கூடும், ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்தால் தெரியும். பெரிய வீடியோ எடிட்டிங், புது விளையாட்டு எல்லாம் இதில் ஆசைப்படக் கூடாது. இந்தத் தலைமுறைச் செயலிகளையும் 2018 ஜனவரியில் வெளிவந்த ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் உலுக்கின. அடுத்து என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே ஊகித்து வேலையை ஆரம்பித்துவிடும் பழக்கத்தால் வந்த வினை. எங்கள் டெலிவரி மேனேஜருக்கும் அதே பழக்கம் உண்டு, அவருக்கு இன்னும் பேட்ச் வரவில்லை.

கடைக்கு மார்க் கொடுக்கச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை. ஒரிஜினல் சார்ஜர் என்று கொடுத்தது ஒரிஜினல் இல்லை. அரை மணியில் தோசைக்கல் மாதிரி கொதித்தது. திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சண்டை போடாமல் வேறு தந்தார், அது கொஞ்சம் பரவாயில்லை. இப்போது வீட்டில் இருக்கும் 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜரையே போடுகிறேன், போனுக்கும் அதே. அடிமூடியில் ஒரு திருகு இல்லை. ஒரு மாத வாரன்டி என்று பில்லின் பின்பக்கம் பேனாவால் எழுதி, சீல் குத்திக் கொடுத்தார். மூன்றாவது வாரம் ஒரு ஹிஞ்ச் சத்தம் போட்டது, இறுக்கிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அவரிடம் சாட்பாட் இல்லை. போன் செய்தால் இரண்டாவது ரிங்கில் "சொல்லுங்கக்கா" என்கிறார்.

மொத்தக் கணக்கு: லேப்டாப் 17,500, ரேம் 3,800, பேட்டரி 3,200. இருபத்து நாலாயிரத்து ஐநூறு. திருகு இன்னும் வாங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் மெயில் வந்தது. ஏப்ரலுக்குள் எல்லோருக்கும் ஏஐ லேப்டாப் தருகிறார்களாம், கையில் இருப்பதை ஒப்படைத்துவிட வேண்டுமாம். எங்கள் மாடியில் மட்டும் முந்நூறு இருக்கும், எல்லாம் நாலு வருடப் பழசு, கீறல்கூட இல்லை. மதியமே கடைத் தம்பிக்கு போன் போட்டேன். லாட் ஏலத்துக்கு வந்து கடைக்கு வர ரெண்டு மூணு மாதம் ஆகும் என்றார். அக்கா பையன் ஜூலையில் காலேஜ் சேருகிறான். நல்லதாக ஒன்று எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். என்னுடையதே வந்தால் சொல்லுங்கள் தம்பி, என் சாவியும் எஸ் பக்கம்தான் தேய்ந்திருக்கும் என்றேன்.